வெங்காயக் கொட்டகையில் நடந்த விசாரணை

1. முதல் நாள்

நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றார்கள். பழக்க தோஷம், நானும் "உட்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அதன் பிறகுதான் அவர்கள் குழம்பினார்கள். என் குழப்பம் தொடங்க இன்னும் சில வாரங்கள் ஆயின.

ஓய்வு பெறும்போது நான் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர். முதியோர், விதவையர், கணவனால் கைவிடப்பட்டோர் என எல்லா உதவித்தொகைக்கும் நான் கையெழுத்துப் போட்டால்தான் உத்தரவு. பணியில் இருந்தபோது எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணிப் படிப்பு படித்த பிள்ளைகள் என் அறைக்கு வந்து, "நீங்க அவங்கள பயனாளியா பாக்குறீங்க மேடம், நாங்க கிளையண்டா பாக்குறோம்" என்பார்கள். அந்த வித்தியாசம் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எரிச்சலில்தான், ஓய்வு பெற்றதும் பெரம்பலூர்க் கல்லூரியில் அதே படிப்பில் சேர்ந்தேன். அரியலூரிலிருந்து தினமும் பஸ். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே பாடம் படித்துவிடலாம்.

2. "ஒண்ணும் செய்யாதீங்க"

ஃபீல்ட் ஒர்க்குக்கு எனக்குக் கிடைத்தது வாலிகண்டபுரத்தைத் தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமம். கேஸ், பதினொன்றாம் வகுப்புப் பெண் காயத்ரி. நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இன்னும் சில வாரம் இப்படியே போனால் படிப்பு அவ்வளவுதான். அம்மாவோடு வெங்காய வேலைக்குப் போய்விடுவாள்.

எனக்கு வழிகாட்டி கதிரவன் சார். என் மகனைவிடச் சின்னவர்.

"மேடம், மொத நாலஞ்சு விசிட் ஒண்ணும் செய்யாதீங்க. சும்மா உக்காந்து பேசுறதக் கேளுங்க."

"ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குப் பயணப்படி உண்டா சார்?"

அவர் சிரித்தார். நான் கேலிக்குத்தான் கேட்டேன். ஆனாலும் எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. அலுவலகத்தில் இப்படி உட்கார்ந்திருந்தால் மெமோ வரும்.

காயத்ரியின் அம்மா மலர்கொடி. சின்ன வெங்காயத்தின் தாளையும் வேரையும் நறுக்கித் தள்ளும் கொட்டகையில் கூலி வேலை. முதல் சந்திப்பிலேயே கேட்டேன்.

"வீட்டுக்காரர் எங்கேம்மா?"

"திருப்பூர்ல இருக்காருங்க."

"வந்து போவாரா?"

"வேல சாஸ்திங்க."

அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் அந்த ஆள் போய்ப் பல வருடம் ஆகிறது, அங்கே வேறு குடும்பமும் இருக்கிறது என்று தெரிந்தது. எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. வறுமை, அதனால் படிப்பு நின்றது. கணவனால் கைவிடப்பட்டவர் என்ற பிரிவில் அவளுக்கு முழுத் தகுதி இருக்கிறது. உதவித்தொகை வந்தால் பெண் பள்ளிக்குப் போவாள். அந்த ஊர் வி.ஏ.ஓ. ஒரு காலத்தில் என்னிடம் வேலை பார்த்தவர். போன் போட்டேன்.

"நீங்க சொன்னா நாளைக்கே விசாரணைய முடிச்சிடுறேன் மேடம்" என்றார்.

மலர்கொடியைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல செய்திக்கு யாராவது முன் அனுமதி வாங்குவார்களா?

3. விசாரணை

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது வி.ஏ.ஓ. வண்டியைக் கொட்டகை வாசலிலேயே நிறுத்திவிட்டிருந்தார். உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். காயத்ரி அம்மாவுக்குச் சோறு கொண்டு வந்திருந்தாள்.

"இங்க புருஷன் உட்டுட்டுப் போன கேஸு யாரும்மா?" என்று அவர் வாசலிலிருந்தே உரக்கக் கேட்டார். விதிப்படி அவர் செய்தது சரி. அக்கம்பக்கத்தார் அறிய விசாரிக்க வேண்டும் என்பதுதான் நடைமுறை. நானே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மலர்கொடி கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"யாருங்க உட்டுட்டுப் போனா? எங்கூட்டுக்காரரு திருப்பூர்ல இருக்காரு."

"ஆமாமா, தீவாளிக்கு வரேன்னாரு. எந்தத் தீவாளின்னுதான் சொல்லல" என்றாள் ஒரு கிழவி. கொட்டகையே சிரித்தது. காயத்ரி தூக்குவாளியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே ஓடினாள்.

மலர்கொடி என்னைப் பார்த்தாள்.

"ஒங்கள நான் எதாச்சும் கேட்டனா?"

கேட்கவில்லை. அதுதான் என்னைக் குழப்பியது. என் பணிக்காலம் முழுவதும் கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லித்தான் பழக்கம். கேட்காத ஒருத்திக்கு நானே தேடிப் போய்க் கொடுக்கப் பார்த்தேன், அதற்கும் திட்டு.

4. உட்கார்ந்து பார்த்தது

கிளையண்டும் நாமும் பேசியதை வரி விடாமல் எழுதுவதற்குப் பிராசஸ் ரெக்கார்டிங் என்று பெயர். கதிரவன் சார் என்னுடையதைப் படித்தார்.

"பக்கம் பக்கமா நீங்கதான் பேசியிருக்கீங்க மேடம். அந்தம்மா எங்க?"

"அவள் பேசவில்லை சார்."

"அவங்களுக்கு என்ன வேணுமாம்?"

தெரியாது என்று ஒரு மேலதிகாரியிடம் நான் சொன்னது அன்றுதான் முதல் முறை.

மறுபடி போனேன். காயத்ரி வீட்டுக் கதவைத் திறக்கவில்லை. கொட்டகையில் மலர்கொடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு கத்தியை எடுத்தேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. வெங்காய நெடியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. இது எந்தப் பாடத்தில் வருகிறது என்று யோசித்துக்கொண்டே நறுக்கினேன். அப்படியே சில நாள் போயிற்று.

ஒருநாள் தலை நிமிராமல் அவளே பேசினாள்.

"ஸ்கூல்ல மீட்டிங்காம். அப்பாவ இட்டுக்கிட்டு வந்தாதான் ஆச்சின்னு சாரு சொல்லிட்டாராம். இவ, 'எங்கப்பா அது வாங்கியாந்தாரு, இது வாங்கியாந்தாரு'ன்னு புள்ளைங்ககிட்ட அளந்து வச்சிருக்கா. எந்த மொகத்த வச்சிக்கிட்டுப் போவா?"

ஆக, பணம் காரணமே இல்லை. அம்மா போனாலே போதும், அப்பாதான் வர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும்க்கா. நான் போறேன். தனியாப் போனா ஒரு மாரியா இருக்கும். நீங்க கூட வாங்க. ஆனா வாயத் தொறக்கக் கூடாது."

5. வாயைத் திறக்காதது

பள்ளியில் வகுப்பாசிரியர் நிமிர்ந்து பார்த்தார். பின்னால் காயத்ரி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பா வரலியா?"

என் நாக்கு நுனியில் விதிகள் வரிசையாக வந்து நின்றன. மலர்கொடி என் முழங்கையை அழுத்தினாள்.

"நான் வந்திருக்கேன்ல சார். எம்புள்ள எப்புடிப் படிக்குது, அதச் சொல்லுங்க."

ஆசிரியர் கொஞ்சம் தடுமாறினார். பிறகு மதிப்பெண்களைப் பற்றிப் பேசினார். நன்றாகவே சொன்னார்.

"இவங்க யாரு?"

"கூட வந்தவங்க."

பணி ஓய்வுக்குப் பின் எனக்குக் கிடைத்த பதவி அதுதான். மறுநாள் காயத்ரி பள்ளிக்குப் போனாள். அதற்குப் பிறகும் போகிறாள்.

ஆண்டு இறுதி வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், "உங்க இன்டர்வென்ஷன் என்ன?" என்று கேட்டார். கூடப் போனேன், பேசவில்லை என்றேன். தகுதி இருந்தும் உதவித்தொகைக்கு ஏன் விண்ணப்பிக்கவில்லை என்றார். நியாயமான கேள்வி. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதையே கேட்டிருப்பேன். பதில் எனக்கு இன்றும் தெரியாது. அந்தத் தொகை மலர்கொடிக்குத் தேவைதான். அவள் விரல்களைப் பார்த்தாலே தெரியும். தேர்ச்சி போட்டுவிட்டார்கள். எதற்காக என்பதும் தெரியாது.

போன வாரம் உதவித்தொகைப் பேச்சை மறுபடி எடுத்தேன். இந்த முறை மலர்கொடியிடமே கேட்டேன்.

"இவ பன்னெண்டாவது முடிக்கட்டும்க்கா. அப்பறம் அந்தாளு ஓடிப்போனத நானே ஊரக் கூட்டிச் சொல்றேன். அப்ப எழுதுங்க" என்றாள்.

இந்தப் படிப்புக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். மனுதாரரை அலுவலகம் காக்க வைப்பதற்கான வழிகள் அத்தனையும் எனக்குத் தெரியும். மனுதாரர் நம்மைக் காக்க வைத்தால் என்ன செய்வது என்பதற்கு எந்த நடைமுறையும் இல்லை. காத்திருக்க வேண்டியதுதான் போலிருக்கிறது. காத்திருக்கிறேன்.