பர்வீன் விற்ற போன்

வாங்க வந்தவர் யாராக இருந்தாலும் பர்வீன் போனை நிமிர்த்திக் கொடுப்பதில்லை. படுக்கை வாக்கில் திருப்பி, இரண்டு கைகளிலும் வைக்கிறார். “அப்பிடியே புடிங்க. கட்டை வெரலு எங்க போவுதுன்னு பாருங்க.” விரல் திணறினால் அந்த போன் அவருக்கு இல்லை, அடுத்தது வரும்.

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரே, அவர் வேலை பார்க்கும் செல்போன் கடைக்குக் கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் பஸ். முப்பத்தெட்டு வயது. வழியெல்லாம் கையிலிருக்கும் போனில் பைக் ரேஸ் ஆட்டம். கணவர் யாஹ்யா ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். அவருடைய விடுமுறை நாளில் இருவரும் ஆளுக்கொரு நாட்டிலிருந்து ஒரே ரோட்டில் வண்டி ஓட்டுவார்கள். “நான்தான் ஜெயிக்க உட்டேன்னு சொல்லுவாரு. பொய்யி,” என்பார் பர்வீன்.

போன ஆடியில் விழுப்புரத்திலிருந்து ஒரு கம்பெனி ஆள் புது போன் கொண்டு வந்தார். திரையைத் தள்ளினால் அடியில் நிஜமான பட்டன்கள் வெளியே வரும். போனாகவும் பேசலாம், கேம் பெட்டியாகவும் ஆடலாம்.

“வெளயாட்டுச் சாமான். நம்மூர்ல போவாது,” என்றார் முதலாளி முத்துசாமி.

“கேமுக்குன்னு தனிப் பெட்டி யாரு சார் வாங்குவா? போனு எல்லார் கையிலயும் கீது. ரெண்டும் ஒண்ணா இருந்தா எடுப்பாங்க. ரெண்டு பீஸ் வைங்க, நான் வித்துத் தர்றேன்.”

முதல் வாரமே ஒன்றைக் கல்லூரி மாணவர் ஒருவர் வாங்கிப் போனார். மற்றது இரண்டு மாதம் அசையவில்லை. எடுத்துப் பார்த்தவர்கள் கனமாக இருக்கிறது என்று வைத்துவிட்டார்கள். “சனிக்கெழம திருப்பி அனுப்பிடலாம். உன் பேச்சக் கேட்டுதான் வச்சேன்மா,” என்றார் முத்துசாமி. அவர் குரலில் கோபமே இல்லாததுதான் பர்வீனுக்குச் சுருக்கென்றது.

வியாழக்கிழமை மரக்காணத்திலிருந்து மாரியப்பன் வந்தார். இருபத்தைந்து வருடமாக உப்பளத்தில் வேலை. “டச் போனு என் வெரலுக்கு மசியமாட்டேங்குதுங்க. ரேஷன் கடை மெஷினே என் ரேகையை எடுக்காது. பொண்ணு சிங்கப்பூர்ல நர்சு. வீடியோவுல கூப்புடுது. நான் தேச்சிக்கினே இருக்கேன், கட்டாயிடுது. பட்டன் போன்ல மூஞ்சி தெரியாதாமே?”

பர்வீன் அவருடைய விரல்களைப் பார்த்தார். நுனியெல்லாம் தோல் தடித்து, பாளம் பாளமாக இருந்தது. விற்காமல் கிடந்த அந்த போனை எடுத்து, திரையைத் தள்ளிப் பட்டன்களைத் திறந்து, பைக் ரேஸைப் போட்டுக் கொடுத்தார்.

“நான் பேசறதுக்குக் கேட்டேங்க.”

“பேசலாம்ணே. மொதல்ல ஓட்டுங்க.”

இரண்டு முறை மரத்தில் மோதினார். மூன்றாம் முறை வண்டி ரோட்டிலேயே போனது. “சொன்னா கேக்குதே,” என்றார் மாரியப்பன். தன் விரல் சொல்லி ஒரு கண்ணாடித் திரை கேட்டதை அவர் அன்றுதான் பார்த்தார்.

அதன்பின் ஒரு மணி நேரம் பர்வீன் வேறு யாரையும் கவனிக்கவில்லை. பட்டனை அழுத்தினால் திரையில் எந்த இடத்தைத் தொட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்த போனில் அமைக்கலாம். மாரியப்பனின் சிம்மைப் போட்டு, ஆட்டத்துக்கான அந்த வசதியை, அழைப்பை எடுக்கத் தேய்க்கும் பச்சை வட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்தார். தன் போனிலிருந்து ஏழெட்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு மாரியப்பனின் மகள் புனிதாவுக்குச் செய்தி அனுப்பினார்.

அழைப்பு வந்தது. மாரியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினார். புனிதாவின் முகம் திரை நிறைய வந்தது.

“அப்பா, யாரு எடுத்துக் குடுத்தாங்க?”

“நான்தாம்மா எடுத்தேன்.”

விலை கொஞ்சம் கூடத்தான். “அதையே வாங்கிடுப்பா,” என்றாள் மகள். உப்பளத்தில் தன்னைப்போல் இன்னும் பலர் இருப்பதாகவும், கூட்டி வருவதாகவும் சொல்லிவிட்டு மாரியப்பன் பஸ் ஏறினார்.

முத்துசாமி கல்லாவில் உட்கார்ந்தபடியே விழுப்புரத்துக்குப் போன் போட்டார். “திருப்பி எடுக்க வரவேணாம்பா. வித்துடிச்சி. இன்னும் ரெண்டு…” என்று இழுத்தபடி பர்வீனைப் பார்த்தார்.

பில் எழுதிக்கொண்டிருந்த பர்வீன் தலை நிமிராமலே இடது கையைத் தூக்கி, ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.