கேப்டன் வீட்டு மாடி

மலேசியாவின் தெலுக் இந்தான் ஊரில் ஆற்றைப் பார்த்தபடி ஒரு பழைய மரவீடு இருக்கிறது. கட்டியவர் ஹாலோவே என்ற வெள்ளைக்காரக் கேப்டன். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு எங்கள் ஆட்களை ஏற்றிவந்த கப்பலை ஓட்டியவர். கடலை விட்ட பிறகு, வீட்டு மாடியைத் தன் கப்பல் அறை போலவே அமைத்து, கப்பல் மணியையும் அங்கே தொங்கவிட்டு, சாகும்வரை ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாராம். என் அப்பாவின் தாத்தா அப்படியொரு கப்பலில் வந்தவர். வெயிலிலும் மழையிலும் திறந்த தளத்திலேயே கிடந்தார்களாம். கேப்டன் அறைப் பக்கம் யாரும் போக முடியாது.

இப்போது அந்த வீடு ஈப்போ முதலாளி ஒருவருடையது. பல வருடமாக அதைத் துடைத்துக் காத்தவர் இசபெல்லா அக்கா. கீழே ஓர் அறையில் தங்கிக்கொள்ளலாம். மாடிக்கு மட்டும் யாரையும் ஏற்றக் கூடாது. ஏற்றினால் வேலையும் போகும், அறையும் போகும். அக்காவுக்கு வேறு வீடு கிடையாது.

போன மழைக்காலத்தில் ஆறு கரையேறியது. எங்கள் தாமான் குடியிருப்பில் இடுப்பளவு தண்ணீர். மழையில் எதிரே எதுவும் தெரியாமல், எந்தப் பக்கம் போவதென்று நின்றோம். அப்போதுதான் மணிச் சத்தம் கேட்டது. அந்த மணி அடித்து நான் கேட்டதே இல்லை. கேப்டனே எழுந்து வந்துவிட்டாரோ என்று எனக்குப் புல்லரித்தது. சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தோம். மாடியில் அக்கா கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

"பாஸ் போன் பண்ணாரு. யாரையும் ஏத்தாதேன்னாரு. சரிங்க பாஸ்னு வச்சிட்டேன். ஏறுங்க லா, என்ன பாத்துக்கிட்டு!"

பக்கத்து வீட்டு ஜெயபாலன் அண்ணன் கோழிக்கூடையோடு தயங்கினார். "இதுங்களையுமா?"

"ஏன், கேப்டன் தின்னுடுவாருன்னு பயமா?"

கேப்டன் கட்டில் முழுக்கக் குழந்தைகள். உத்திரத்தில் சேலைத் தொட்டில். கீழே தண்ணீர் தூண்களில் மோத, வீடு முனகியது, அசையவில்லை. கப்பலில் போவது போலவே இருந்தது. அப்பாவின் தாத்தா எட்டிக்கூடப் பார்க்க முடியாத அறையில் நான் படுத்திருந்தேன்.

தண்ணீர் வடிந்ததும் முதலாளி வந்தார். படியெல்லாம் சேறு, தரையெல்லாம் கோழி எச்சம். அவர் வாய் திறக்கும் முன்பே அக்கா சாவியை நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார்.

இப்போது அக்கா ஈப்போவில் ஒரு வாடகை அறையில் இருக்கிறார். ஒரு கிளினிக்கில் துப்புரவு வேலை. இங்கே மழை பிடித்தால் எனக்குப் போன் வந்துவிடும். "ஆத்துத் தண்ணி எங்க நிக்குது?"

நேற்றும் கேட்டார். "சாவி உங்ககிட்ட இல்லையே அக்கா," என்றேன்.

"பின்பக்கச் சன்னல் கொக்கி எப்பவுமே சரியா மாட்டாது," என்றார். "மணிக்கயிறு எங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியுமே."