ஒரு ஷிப்ட் போதும்

திருப்பூரில் சாயங்காலம் ஐந்தரைக்குப் பெல் அடித்தால் யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். ஊரில் இருக்கிற உங்களுக்கு இது விளங்காது. எனக்கும் விளங்கவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து பனியன் கம்பெனியில் உட்கார்ந்த முதல் நாள், பெல் அடித்ததும் மிஷினை அணைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டைப் பார்த்து நடந்தேன். வரிசை முழுக்கச் சிரித்தது. ஒரு அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தார். "எங்க கண்ணு கெளம்பிட்ட? இது டீக்கு அடிக்கிற பெல்லு!" ஐந்தரை வரைக்கும் ஒரு ஷிப்ட். எட்டரை வரைக்கும் இன்னொரு அரை. இந்த ஒன்றரையும் சேர்ந்தால்தான் இங்கே ஒரு நாள். ஊரில் மிளகாய் பறிக்கப் போனாலும் கருவேலம் வெட்டப் போனாலும் பொழுது சாய்ந்தால் வீடு திரும்பிவிடுவோம். வீட்டில் கஞ்சி இருந்ததா என்று கேட்காதீர்கள். அது இல்லாமல்தான் நானும் சேகரும் பஸ் ஏறினோம்.

பதினோரு வருஷம் அந்த ஒன்றரையைத் தைத்தேன். எனக்குத் துணியை மூட்டுகிற ஓவர்லாக் மிஷின், என் வீட்டுக்காரர் சேகருக்கு அதே லைனில் மடிப்புத் தைக்கிற பேட்லாக். மகள் பவித்ரா தூங்கி வழிகிற நேரத்தில்தான் அவள் முகத்தைப் பார்ப்பேன். நடுவில் ஊருக்குப் பணம் அனுப்பினோம், அம்மா வீட்டுக்கு ஓடு மாற்றினோம். நன்றி கெட்டவள் இல்லை நான். இந்த ஊர் எங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் முதுகு என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் என்னோடுதானே பஸ் ஏறி வந்தது.

எங்கள் லைனுக்கு ஆள் பிடிக்கிற காண்டிராக்டர் தங்கவேல் அண்ணன் ஒரு நாள் டீ நேரத்தில் வந்து நின்றார். "ஏனுங்க, இன்னும் எத்தன காலத்துக்கு அடுத்தவங்களுக்கே தெச்சுட்டு இருப்பீங்க? அனுப்பர்பாளையத்துல எங்க பழைய ஷெட்டுல நாலு மிஷின் சும்மா கெடக்குதுங்க. புருசனும் பொண்டாட்டியும் எடுத்து ஓட்டுங்க. ஓனர் ஆயிரலாமுங்க."

மற்ற ஊரில் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். இங்கே எப்போது சொந்தமாகக் கம்பெனி போடப் போகிறாய் என்று கேட்பார்கள். அதுவும் பிரியத்தில் கேட்பதுதான். அப்படிச் சொந்தமாகப் போட்ட எங்கள் லைன்காரர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். ஒன்றரை ஷிப்ட் அவருக்கு இரண்டரை ஆனது. கார் வாங்கினார், பாவம், அதில் ஏறி எங்கேயும் போகத்தான் நேரமில்லை.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது சேகருக்கோ முகமெல்லாம் வெளிச்சம். "ஊருக்குப் போனா எல்லாப் பயலும் என்ன கேக்குறான்? சொந்தமா வச்சிருக்கியான்னுதான கேக்குறான். எத்தன தடவ இல்லன்னு சொல்றது?"

"எனக்கு முடியலைங்க."

"ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சுக்க புள்ள."

"பதினோரு வருஷமா கடிச்சுக்கிட்டுத்தான இருக்கேன். பல்லே தேஞ்சு போச்சு."

அவர் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோனார். ஓவர்லாக்குக்கு நான் உட்காராவிட்டால் அந்த நாலு மிஷினும் ஓடாது என்று அவருக்குத் தெரியும். அவர் ஆசையை என் முதுகு தடுத்துக்கொண்டிருந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

மறுநாள் தங்கவேல் அண்ணனிடம் நானே போனேன். "மிஷின் வேண்டாம்ணே. இருக்குறது போதும். இனிமே அஞ்சரைக்குக் கெளம்பிர்றேன். ஒரு ஷிப்ட் போதும்." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீங்க கெட்டிக்காரிதானுங்க. செரி, நூல் சுத்துற மிஷினும் சேத்துத் தர்றனுங்க. மொத ஆர்டரும் நானே புடிச்சுக் குடுக்கறனுங்க." நான் பேரம் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்! இந்த ஊரில் போதும் என்று ஒருத்தி சொன்னால் இன்னும் கொஞ்சம் கேட்கிறாள் என்றுதான் அர்த்தம் செய்துகொள்கிறார்கள். இல்லவே இல்லை என்று மறுபடியும் சொன்னதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "லைன்ல ஒருத்தர் எந்திரிச்சா பின்னாடி அத்தன மிஷினும் நின்னு போகுமுங்க. அஞ்சரைக்குப் போறவங்கள நான் எங்கீங்க உக்கார வெக்கறது? செக்கிங்குக்கு வேணும்னா போங்க. கூலி கொறையுமுங்க." அவர் சொன்னதில் தப்பில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

தைத்து வந்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங் மேஜையில் முதல் நாள் ஐந்தரைக்கு நான் தூக்கை எடுத்ததும், பக்கத்தில் நின்ற ஒடிசாப் பெண் சுனிதா பதறிப்போனாள். "அக்கா, தபியத் கராப்?" உடம்புக்கு ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன். அவள் நம்பவில்லை. பர்ஸிலிருந்து ஒரு தலைவலி மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். டவுன் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்சம் அழுதேன். என்னத்துக்கு என்று கேட்டால் எனக்கே தெரியாது. அசதிதான்.

எங்கள் லைன் வீட்டுக் குழாயில் நல்ல தண்ணீர் சாயங்காலம்தான் வரும். இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கிய தண்ணீரைத்தான் குடித்தோம். இப்போது நானே பிடிக்கிறேன். பவித்ரா வாசல்படியில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லச் சொல்ல, நான் ரசத்துக்குப் புளி கரைக்கிறேன். கூலி குறைந்துவிட்டது, மீன் வாங்குவது குறைந்துவிட்டது, ஊருக்கு அனுப்புவதும் குறைந்துவிட்டது. ஆனாலும் வாடகை நிற்கவில்லை, மகளுக்கு ஃபீஸ் நிற்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறேன் என்று சொல்லத் தெம்பில்லை. நிம்மதியாக இருக்கிறேன். அதற்காகக் கும்பிட வேண்டிய சாமியையெல்லாம் கும்பிட்டுவிட்டேன்.

சேகர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த மிஷின்களை வேறு யாரோ எடுத்துக்கொண்டதாகத் தகவல் வந்த அன்று எட்டரை ஷிப்ட் முடிந்து வந்தவர், அண்டாவைத் திறந்து பார்த்தார். "தண்ணி ரொம்பிக் கெடக்கு" என்றார். ரெண்டு சொம்பு கூடுதலாக ஊற்றிக் குளித்துவிட்டு வந்து தட்டுச் சோற்றையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எங்கள் சண்டை அத்தோடு முடிந்தது. ஆசை முடிந்ததா என்று நான் கேட்கவில்லை.

நேற்று குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். "பொழுதோட பேசுற? வேலைய விட்டு நிறுத்திட்டாங்களா? அப்ப ஊருக்கே வந்துருத்தா" என்றாள் அம்மா. போன வருஷமாக இருந்தால் இந்த நேரத்துக்கு நான் மிஷினில்தான் இருந்திருப்பேன். அந்த நேரம் எதிர்வீட்டு அம்மா வாசல் தெளிக்க வந்தார். விடிந்ததும் ஓடி, இருட்டியதும் திரும்பியவள் நான். அவர் வாசல் தெளிக்கிற சாயங்காலத்தில் ஒரு நாள்கூடத் தெருவில் நின்றதில்லை. என்னை உற்றுப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்:

"விருந்தாட வந்திருக்கீங்களா? எந்த ஊருங்க?"

பதினோரு வருஷம்! எனக்குச் சிரிப்பு வந்தது.

"இந்த ஊர்தானுங்க" என்றேன்.

"என்னத்தா சொன்ன? எந்த ஊருன்னு சொன்ன?" என்று போனுக்குள் அம்மா கேட்டாள்.

குடம் நிறைந்துவிட்டது. "இரும்மா, இந்தா வர்றேன்" என்று போனில் சொல்லிவிட்டுக் குழாயை மூடப் போனேன்.