ஒரு குமிழிகூட இல்லாத கண்ணாடி

மின்சூளையின் மூடியைத் திறந்தேன். என் கணவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே கிடந்த கண்ணாடியில் ஒரு குமிழிகூட இல்லை.

"எப்படி, நன்னா க்ளியரா வந்திருக்கு இல்லே? நேத்திக்கு நீ செட் பண்ணிட்டுப் போனப்புறம், நடுவுல முக்கால் மணி ஹோல்டு சேர்த்தேன். காத்தெல்லாம் மெதுவா வெளியில போயிடும் கேட்டோ."

கோபம் தலைக்கேறியது. குமிழிக்காகத்தான் அந்த வேலையே. வரிவரியாகப் புடைத்த ஜன்னல் கண்ணாடித் துண்டுகள் இரண்டை, வரிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி, முகத்தோடு முகம் வைத்து அடுக்குவேன். சூளை நிற்காமல் விறுவிறுவென்று சூடேறினால் ஓரங்கள் முதலில் ஒட்டிக்கொள்ளும். வரிகளுக்கு நடுவே அகப்பட்ட காற்று வரிசையாகக் குமிழிகளாகும். நடுவில் சூட்டை ஏற்றாமல் நிறுத்திவைத்தால், அதுதான் இவர் சொல்கிற ஹோல்டு, காற்று தப்பித்துவிடும். இது பிடிபட எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. கல்லாற்றில் பாறைக்கு அடியிலிருந்து மேலே வருகிற குமிழிகள் மாதிரி வேண்டுமென்று எத்தனை துண்டுகளைப் பாழாக்கியிருக்கிறேன். அந்த வரிக் கண்ணாடி இப்போது வருவதுமில்லை. சாலை பஜாரில் ஒரு திருநெல்வேலிக்காரர் கடையில் மிச்சம் கிடந்த கடைசித் துண்டை இரண்டாக வெட்டி அடுக்கியது இது.

அன்று மாலை நான்கு மணிக்கு ஒரு காட்சிக்கூடத்திலிருந்து ஒரு மலையாளப் பெண்மணி வருவதாக இருந்தார். அவருக்குப் பிடித்தால் என் வேலை முதல்முறையாக நாலு பேர் பார்க்கிற சுவரில் தொங்கும். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு அது சின்ன விஷயமில்லை. இன்னொன்று செய்யலாமென்றால் கண்ணாடி இல்லை; இருந்தாலும் சூடேறி ஆறவே ஒரு முழு நாள் வேண்டும்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன்.

"தப்பு இருந்தது, சரி பண்ணினேன். அதுக்கு எதுக்கு இத்தனை தேஷ்யம்?"

இவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். நான் என் தங்கைக்கு எழுதிய கடிதத்தையே பிழைதிருத்தி அனுப்பியவர். முப்பது வருடமாகப் பொறுத்துக்கொண்டதுதான் என் தப்பு.

பெண்மணி வந்தார். அடியில் நான் பூசியிருந்த மெல்லிய நீலத்தைப் பார்த்து, நல்ல தெளிவு என்றார். எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் படிவத்தை நீட்டினார். கலைஞர் பெயர் என்ற இடத்தில் என் கணவரின் பெயரை எழுதினேன். இது என்னுடையது அல்ல, இவர் செய்தது என்று மலையாளத்தில் சொன்னேன். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். மனுஷன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஹோல்டு வைப்பது எப்படி என்று அந்த அம்மாளுக்கு விளக்க ஆரம்பித்தார்.

கண்காட்சி பத்து நாள். இவர் தினமும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனார். பக்கத்தில் நின்று எடுத்த போட்டோவை உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பினார். நான் ஒரு நாள்கூடப் போகவில்லை. வயிறு எரிந்தது, அதை மறைக்கவும் இல்லை.

கடைசி நாள் சாயங்காலம் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"காலேஜ் பொண்ணு ஒண்ணு கேட்டது, இதுல நீங்க என்ன காட்ட நினைச்சேள்னு. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலை. என்ன சொல்லியிருக்கணும்?"

"ஒண்ணும் இல்லைன்னு சொல்லியிருக்கணும்" என்றேன். "இருந்ததைத்தான் நீங்க எடுத்துட்டேளே."