இருவாச்சியின் கதவு

யாங்கோன் உயிரியல் பூங்காவில், பறவைக் கூண்டருகே ஒரு தமிழ் ஜோடி. “இதுதான் டூக்கான், அமெரிக்காப் பறவை,” என்று மணி செல்விக்கு விளக்குகிறான். டூக்கான் அலகின்மேல் கொம்பு இருக்காது, இது நம் பக்கத்து இருவாச்சி என்று பக்கத்தில் நிற்கும் நான் திருத்துகிறேன்.

“கவுத்துட்டீங்களே அக்கா. இன்னைக்காவது கல்யாணத்துக்குச் சரின்னு சொல்லுவாள்னு கூட்டிவந்தேன். பசுந்தாங் பேட்டைல எனக்கு ஒரே ரூம் வீடு, அதான் யோசிக்கிறா,” என்கிறான் மணி.

எனக்குப் பாவமாக இருக்கிறது. “இருவாச்சிப் பெண் மரப்பொந்துக்குள் அடைந்து முட்டையிடும். ஆண்தான் இடுக்கு வழியாகப் பழம் ஊட்டும்,” என்கிறேன்.

“பாத்தியா, பொந்தே போதுமாம்,” என்கிறான் மணி.

செல்வி என்னிடம் திரும்புகிறாள். “பொந்தை அடைக்கிறது யாரு அக்கா?”

“பெண்தான், உள்ளேயிருந்து.”

“அப்பச் சரி, கோ மணி,” என்று பர்மிய மரியாதையோடு அவனைக் கூப்பிடுகிறாள். “சாவி என்கிட்ட இருக்கும். பழம் இல்லாம வந்தா கதவு திறக்காது.”