மூட்டத்துக்கு மேலே ஒரு புள்ளி

சுவிட்சர்லாந்தின் நொஷாட்டல் ஏரியைப் பனிமூட்டம் முழுதாக மறைத்திருக்கிறது. மலைமேல், ஓர் உணவகத்தின் பின்புறம் தொலைநோக்கியை நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறேன். சூரியனுக்குக் குறுக்கே இன்று புதன் கோள் போகிறது. ஊரில் அது தெரியாது என்பதால் கோயம்புத்தூரிலிருந்து வந்தேன். நிலவை எத்தனையோ முறை படமெடுத்திருக்கிறேன். அது மறுபடி வரும். இதற்குப் பல ஆண்டுகள் ஆகும். மூட்டமோ இங்கேயும் ஏறி வருகிறது.

"போச்சு, எல்லாம் போச்சு" என்று முணுமுணுக்கிறேன்.

"தமிழோ?" உணவகத்தில் பரிமாறும் பெண் கதவருகே நிற்கிறாள். பெயர் சிந்துஜா, ஈழத்துப் பெற்றோருக்குக் கீழே நகரத்தில் பிறந்தவளாம்.

அந்நேரம் மூட்டம் விலகுகிறது. கேமராத் திரையில் சூரியன் வருகிறது, அதில் ஒரு கறுப்புப் புள்ளி. நான் ஃபோகஸைத் திருகுகிறேன்.

"அண்ணை, திரையில இல்லாமல் நேரா பாக்கலாமோ? நான் உடன உள்ள போகோணும்."

அதற்குக் கேமராவைக் கழற்ற வேண்டும். இன்னும் ஒரு படம்கூட எடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கழற்றிக் கண்வில்லையைப் பொருத்துகிறேன். முன்னால் சூரிய வடிகட்டி இருக்கிறது, பயமில்லை.

அவள் குனிந்தவள் நிமிரவே இல்லை. அவசரப்படுத்த மனம் வரவில்லை.

"மூட்டம் மூடிட்டுது," என்கிறாள் கடைசியில். "உங்கட படம்?"

"பொழுது சாயுது, இனிக் கிடைக்காதுங்க." திரையில் கண்டதைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. "எப்படி இருந்துச்சு?"

உள்ளே யாரோ அவளைக் கூப்பிடுகிறார்கள். அவள் போகவில்லை.

"புள்ளி எண்டுதான் நினைச்சனான். இல்லை அண்ணை, அது உருண்டை. வடிவான குட்டி உருண்டை. நிக்கிற மாதிரித்தான் இருந்தது, ஆனால் போய்க்கொண்டிருந்தது."