'இல்லை' சொல்ல ஓர் ஆள்

வீட்டைத் தரகர் மூலம் வாடகைக்கு விடலாமா, நாமே ஆள் பார்த்து விடலாமா என்று யாராவது யோசனை கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். கேட்பவர் மேல் அல்ல, என் மேல்தான். ஆனாலும் பதில் சொல்லிவிடுவேன். தரகரிடமே கொடுத்துவிடுங்கள், ஒரு மாத வாடகை போனால் போகிறது என்பேன். ஏன் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன்.

அறுபதுகளின் நடுவில், திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் கட்டிங் மாஸ்டராக இருந்தேன். துணியை அடுக்கடுக்காக விரித்து அளவு வைத்து வெட்டுகிற வேலை. மனைவியின் நகைகளை விற்றும், கம்பெனியில் கையேந்தியும், வேலம்பாளையத்துப் பக்கம் ஒரு வீடு கட்டினேன். முன்பக்கம் நாங்கள். பின்பக்கம் இரண்டு அறை, ஒரு சமையலறை, அது வாடகைக்கு. இரண்டுக்கும் பொதுவாக ஒரு கிணறு.

தரகர் வேண்டாம் என்று முதலில் சொன்னவள் என் மனைவி. "நம்மூட்டுக்கு ஆள் பாக்க நமக்குத் தெரியாதுங்களா? அதுக்கு எதுக்குங்க ஒரு மாச வாடகையத் தூக்கி ஒருத்தருக்குக் குடுக்கோணும்?" என்றாள். நியாயமான பேச்சு. 'வீடு வாடகைக்கு விடப்படும்' என்று ஓர் அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டேன்.

அதற்குப் பிறகுதான், எங்கள் ஊர்க்காரனுக்கு வராத ஒரே வேலை எது என்று எனக்குத் தெரிந்தது. வந்தவர்களிடம் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் எங்கள் வாயில் வராது. அதற்குப் பதிலாக நாங்கள் "பாக்கலாங்க" என்போம். எங்கள் பக்கத்து மனிதருக்கு அது போதும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "ஆகட்டுங்க, பாக்கலாங்க" என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னால் இந்த ஜென்மத்தில் இல்லை என்று பொருள். இவ்வளவு மரியாதையாக மனிதனை விரட்டுகிற ஊர் வேறு எங்கும் இருக்காது.

மதுரைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒருவர் வீட்டைப் பார்த்துவிட்டு, "எங்களுக்குப் பிடிச்சிருக்கு, என்ன சொல்றீக?" என்று கேட்டார். நான் வழக்கம்போல "பாக்கலாங்க" என்றேன். அந்த வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. வண்டி நிறையப் பானை சட்டி, ஒரு டிரங்குப் பெட்டி, கூண்டோடு கோழிகள், மேலே பிள்ளைகள். "பாக்கலாம்னு சொன்னீகளே, நாள் பார்த்துட்டேன், இன்னைக்கு நல்ல நாள்" என்றார் மனிதர் சிரித்துக்கொண்டே. என் மனைவி அத்தனை பேருக்கும் காப்பி கொடுத்து, அழாத குறையாகப் பேசி அனுப்பிவைத்தாள். நான் வண்டிக் கூலியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

அவர்களை ஏன் வேண்டாம் என்றேன்? பிள்ளைகள் அதிகம், கிணற்றடி அசிங்கமாகும் என்று சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவர்கள் யார் என்று எனக்குத் தெரியவில்லை, அதுதான் காரணம். எங்கள் பக்கம் சாதியை நேராகக் கேட்பது மரியாதையில்லை. "உங்க கோயில் எங்கீங்க?" என்று கேட்போம். குலதெய்வம் எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். கேட்டவனும் கேட்கவில்லை, சொன்னவனும் சொல்லவில்லை. வெளியூர்க்காரரிடம் அந்தக் கேள்வி செல்லாது. அவர் சொல்லுகிற கோயிலை வைத்து எனக்கு ஒன்றும் பிடிபடாது.

அட்டை தொங்கிக்கொண்டே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் என் நண்பர் கேட்டார்.

அவர் பின்னல் மெஷின் ஃபிட்டர். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். மண்ணரைக்கு அந்தப் பக்கம் ஒரு காலனியில் குடியிருந்தார், கிறிஸ்தவர். அவருடைய அப்பா எங்கள் தோட்டங்காட்டில் பண்ணையாளாக இருந்தவர், என் அப்பாவைச் 'சாமி' என்று கூப்பிட்டுத் தள்ளி நின்றவர். மகன் என்னை 'அண்ணா' என்று கூப்பிட்டார், பக்கத்தில் நின்று டீ குடித்தார். பனியன் கம்பெனி அந்த அளவுக்கு எங்களை மனிதராக்கியிருந்தது. என் வீட்டுக்குச் சுவர் எழும்பியபோது ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் நேராக வந்து சுவருக்குத் தண்ணீர் ஊற்றியது அவர்தான். நான் கூப்பிடவில்லை. தாமாக வந்தார்.

"அண்ணா, உங்கூட்டுப் பின்பக்கம் காலியா இருக்குதாமுங்களே" என்றார் டீக்கடையில். "எங்கூட்டுக்காரிக்கு எட்டாம் மாசமுங்க. நாங்க இருக்கற எடத்துல மழை பேஞ்சா மொழங்கால் தண்ணி. பிரசவத்துக்கு முந்தி மாறிட்டாத் தேவலைங்க. வாடகை என்னவோ அதக் குடுத்தர்றனுங்க."

'பாக்கலாங்க' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவரும் எங்கள் ஊர்க்காரர், அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரிந்தவர். அதனால் அதை விழுங்கிவிட்டு, "அதையெல்லாம் ஒரு தரகருகிட்ட உட்டுப்போட்டனுங்க தம்பி. இனி அவரு சொல்றதுதானுங்க" என்றேன்.

அப்போது எனக்குத் தரகர் என்று யாரும் இல்லை. சாயங்காலம் கம்பெனி விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய் ஒருவரைத் தேடிப் பிடித்தேன். பொய்யை முதலில் சொல்லிவிட்டு அதற்கு ஆள் தேடி அலைந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

முன்பு நூல் தரகராக இருந்து நொடித்துப்போய், வீட்டுத் தரகுக்கு வந்தவர் அவர். வெற்றிலையை மென்றுகொண்டே நான் சொன்னதைக் கேட்டார். எந்த மாதிரி ஆள் வேண்டும் என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு.

"யாரு வேண்டாமுங்க?"

தொழில் தெரிந்த மனிதர். "நம்மளாட்ட ஆளுங்களாப் பாருங்க" என்றேன். "வெளங்குச்சுங்க" என்றார். கம்பெனியிலிருந்து ஒருவர் வருவார் என்று நண்பரைப் பற்றியும் சொன்னேன். கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலனியின் பெயரை மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

வீட்டில் மனைவிக்கு எல்லாம் ஒரு நொடியில் புரிந்துவிட்டது. "அவருக்குக் குடுக்க மனசில்லீனா மூஞ்சிக்கு நேரா இல்லீனு சொல்லிப்போடுங்க. குடுக்கறதுன்னாலும் எனக்கு ஒண்ணுமில்லீங்க. அந்தக் கெணத்துல தண்ணி எறைக்கறவ நாந்தானுங்களே?" என்றாள்.

"சொந்தக்காரங்க என்ன பேசுவாங்க?"

"எந்தச் சொந்தக்காரங்க?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. இந்த வீட்டுக்கு ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்த சொந்தக்காரன் கிடையாது, வாடகைக்கு யாரை வைக்கிறாய் என்று கேட்டவனும் கிடையாது. அவர்கள் பேசுவார்கள் என்று நானே பேசிக்கொண்டிருந்தேன். பழியை ஊர்மேல் போட்டுவிட்டால் நாம் நல்லவராகவே இருந்துவிடலாம் அல்லவா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்து மணி சுமாருக்குத் தரகர் வாசலில் நின்றிருந்தார். நண்பரும் அவர் மனைவியும் வந்தார்கள். அந்தப் பெண் நிறைவயிற்றோடு வெயிலில் நடந்து வந்ததால் முகம் சிவந்திருந்தது. நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். என் சைக்கிள் வாசலில்தான் நின்றது. முந்தின நாள் சாயங்காலம் கம்பெனியில் அதன் செயினைச் சரி பண்ணிக் கொடுத்ததும் அவர்தான். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவருடைய கை அந்தச் சைக்கிளின் சீட்டின் மேலேயே இருந்தது.

"உங்க கோயில் எங்கீங்க?" என்றார் தரகர்.

"இப்பக் கோயிலுக்குப் போயிட்டுத்தானுங்க வர்றோம்" என்றார் நண்பர். "ஞாயித்துக்கெழமை கோயிலுங்க."

"அது செரிங்க. அதுக்கு முந்தி?"

நண்பரின் குரல் உயரவில்லை. அந்த 'ங்க'கூடக் குறையவில்லை.

"அதுக்கு முந்தி எங்கள எந்தக் கோயிலுக்குள்ளயும் உடலீங்க."

தரகர் சிரித்தார். "ஊடு நேத்தே பேசி முடிஞ்சுதுங்க. அட்வான்சும் வாங்கியாச்சு. ஒரு நாளு முந்தி வந்திருக்கலாமுங்க" என்றார். என்ன ஒரு லாவகம்! அட்டை தொங்கிய நாளிலிருந்து என்னால் சொல்ல முடியாததை, வெற்றிலை எச்சிலைத் துப்புகிற நேரத்தில் சொல்லி முடித்தார்.

சமையலறையிலிருந்து வந்த என் மனைவி, "போயி ஒரு வார்த்தை பேசுங்க. அந்தப் புள்ள நிக்க முடியாம நிக்குது" என்று என் காதருகில் சொன்னாள். நான் நகரவில்லை. அவளே ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினாள். அதற்குள் அவர்கள் தெருமுனையைத் தாண்டிவிட்டார்கள். திரும்பி வந்தவள் அந்தத் தண்ணீரை வாசலிலேயே கொட்டினாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமை டீக்கடையில் அவர் எப்போதும்போல என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து ஊட்டுல நீங்க இல்லையாட்ட இருக்குதுங்கண்ணா. இருந்திருந்தா அந்தத் தரகரு அப்பிடிப் பேசியிருக்க மாட்டாருங்க."

"ஆமாங்க தம்பி, பல்லடம் போயிருந்தேன்."

"அப்பிடித்தான் நானும் நெனச்சனுங்க."

எதில் போனேன் என்று அவர் கேட்கவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டார். என்னை நாலு பேர் முன்னால் நாறடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். தரகர்மேல் பழியைப் போட்டு என்னைத் தப்பவிட்டார். அந்தப் பெருந்தன்மையை அன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை, இன்றும் முடியவில்லை. அவருக்குக் குழந்தை பிறந்தது, பெண். அந்த மழைக்காலத்தில் மனைவியையும் குழந்தையையும் மாமியார் ஊரில் விட்டுவிட்டு, அந்தத் தண்ணீர் புகுந்த வீட்டில் தனியாகக் கிடந்தார் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள். என்னிடம் அவர் சொல்லவில்லை. நானும் விசாரிக்கவில்லை.

பேசி முடிந்ததாகச் சொன்ன வீடு மூன்று வாரம் பூட்டியே கிடந்தது. வேலம்பாளையம் போகிற எவரும் அதைப் பார்த்திருக்கலாம். கடைசியில் தரகர் ஒருவரைக் கொண்டுவந்தார். கோயில் சரியாக இருந்தது. ஆள்தான் சரியாக இல்லை. ஒரு வருஷத்துக்குள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஓர் அறையை இன்னொருவனுக்கு உள்வாடகைக்கு விட்டான். ஒரு வழியாக அவனைக் கிளப்பினேன்.

வீடு மறுபடியும் காலி. "இந்தத் தடவை என்னங்க பண்றது?" என்று மனைவி கேட்டாள். நண்பர் அதே கம்பெனியில்தான் இருந்தார், அதே காலனியில்தான் இருந்தார். அவள் யாரை நினைத்துக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். மறுநாள் டீக்கடையில் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நான் அன்று சாயங்காலமே ஸ்டேஷன் பக்கம் போனேன். தரகர் என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"போன தடவையாட்டத்தானுங்களே?"

"ஆமாங்க" என்றேன்.